மலைக் கணவாயில் மறைந்த ராஜா பீர்பால்

பீர்பால் என்ற பெயரைக் கேட்டதும் முகம் மலராத வீடு நம் நாட்டில் அநேகமாக இல்லை. அக்பர் பாதுஷா ஒரு சிக்கலைப் போடுவார். தர்பாரில் எல்லோரும் திருதிருவென்று விழிப்பார்கள். கடைசியில் பீர்பால் எழுந்து ஒரே வார்த்தையில் முடிச்சை அவிழ்த்துவிடுவார். தரையில் கிழித்த கோட்டைத் தொடாமலே சிறிதாக்கச் சொன்னபோது பக்கத்தில் அதைவிடப் பெரிய கோடு ஒன்றைக் கிழித்தவர் அவர். நகரத்தில் எத்தனை காக்கைகள் என்று கேட்டபோது தயங்காமல் ஒரு கணக்குச் சொல்லி, எண்ணிக்கை கூடினால் விருந்துக்கு வந்தவை, குறைந்தால் விருந்துக்குப் போனவை என்று சமாளித்தவரும் அவரே.

தமிழ்நாட்டுப் பிள்ளைகள் தெனாலி ராமனையும் மரியாதை ராமனையும் படிக்கும் அதே வயதில் பீர்பாலையும் படித்துவிடுகிறார்கள். வடக்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் சித்திரக் கதைப் புத்தகங்களில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மறுபடி அவரையே சந்திக்கிறார்கள். கையில் வாளும் இல்லை, மந்திரமும் இல்லை. புத்தி ஒன்றையே ஆயுதமாகக் கொண்டு வெற்றிபெறும் கதாநாயகர் அவர்.

கதைகளில் அவர் ஒரு தடவைகூடத் தோற்றதில்லை. சரித்திரத்தில் வாழ்ந்த பீர்பாலோ படைத்தலைவராகப் போர்க்களம் சென்று, தவறான முடிவு ஒன்றால் ஆயிரக்கணக்கான வீரர்களோடு மலைக் கணவாயில் மாண்டவர். அவருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. சிரிப்புக் கதைகளுக்குப் பின்னால் மறைந்துபோன அந்த மனிதரின் வாழ்க்கை, எந்தக் கதைக்கும் குறையாத சுவாரஸ்யம் உடையது.

கால்பியில் பிறந்த மகேஷ்தாஸ்

பீர்பால் என்பது பெற்றோர் இட்ட பெயரன்று. அவருடைய இயற்பெயர் மகேஷ்தாஸ். 1528ஆம் ஆண்டில் பிறந்தவர் என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்படும் கணக்கு. சென்னையிலிருந்து டில்லி செல்லும் ரயில் ஜான்சியில் நிற்கிறதல்லவா? அங்கிருந்து கான்பூருக்குப் பிரியும் பாதையில், யமுனைக் கரையில் இருக்கும் ஊர் கால்பி. அதன் சுற்றுவட்டாரத்திலுள்ள டிக்வான்பூர் என்ற கிராமமே அவர் பிறந்த ஊர் என்பர். மத்தியப் பிரதேசத்தின் சீதி மாவட்டத்தில் உள்ள ஒரு கிராமத்தாரும் அவரைத் தம்மூர்க்காரர் என்று உரிமை கொண்டாடுகின்றனர்.

அரசர்களின் பெருமையைக் கவிதையாகப் பாடிப் பிழைக்கும் பட்டர் குலத்தில் பிறந்தவர் அவர். செல்வம் உள்ள குடும்பமன்று. அவரைக் கண்ணிலேயே காட்டக்கூடாது என்றிருந்த பதாயூனி என்ற தர்பார் எழுத்தாளர், பீர்பாலின் பழைய வறுமையை ஓரிடத்தில் குத்திக்காட்டவும் தவறவில்லை.

தகப்பனாரின் பெயர் கங்காதாஸ் என்பதற்கு ஒரு கல் சாட்சி இருக்கிறது. அது பின்னால் வரும்.

மகேஷ்தாஸ் கற்ற வித்தை கவிதையும் இசையும். யமுனைக் கரை மக்கள் பேசிய விரஜ மொழியில் பாடல் புனைந்தார். பிரம்மம் என்பது அவர் தமக்கு வைத்துக்கொண்ட புனைபெயர். இளமையில் அவருக்கு ஆதரவு தந்தவர் ரேவாப் பகுதியை ஆண்ட ராஜா ராமச்சந்திரர். கலைஞர்களை வாரி அணைத்த அரசர் அவர். சங்கீத மேதை தான்சேன் இருந்ததும் அவருடைய சபையில்தான். 1562இல் தான்சேனைத் தம்மிடம் அனுப்பச் சொல்லி அக்பர் ஆளனுப்ப, மறுக்க முடியாமல் ராஜா அவரை அனுப்பிவைத்தது பிரசித்தமான கதை.

அந்தக் காலத்தை ஒட்டியே மகேஷ்தாஸும் அக்பரிடம் போய்ச் சேர்ந்தார். அக்பர் பட்டத்துக்கு வந்தது 1556இல், 13 வயதில். ஆகவே, பீர்பால் வந்தபோது அக்பர் இருபது வயதைச் சுற்றிய வாலிபர். பீர்பால் முப்பதைத் தாண்டியவர். கதைப் புத்தகங்களில் இருவரையும் ஒத்த வயதினராக வரைகிறார்கள். உண்மையில் அவர் பாதுஷாவுக்கு 14 வயது மூத்தவர்.

பாரசீக தர்பாரில் விரஜ மொழிக் கவி

அந்த தர்பாரின் மொழி பாரசீகம். ஈரானிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் வந்த பிரபுக்கள், மருத்துவர்கள், கவிஞர்கள் நிரம்பிய சபை அது. பாரசீகம் தெரியாதவன் அங்கே முன்னேறுவது கஷ்டம். 1582இல் ராஜா தோடர்மால் வருவாய்க் கணக்குகள் அனைத்தையும் பாரசீகத்திலேயே எழுத உத்தரவிட்ட பிறகு, நாட்டுமொழியில் கணக்கெழுதிவந்த குமாஸ்தாக்கள் எல்லோரும் புதிய மொழியைக் கற்க ஓடினார்கள். பிழைப்புக்காக இன்னொரு மொழியைப் பழகிக்கொள்வது அன்றும் இருந்த சங்கதிதான்.

இப்படிப்பட்ட சபையில் நாட்டுமொழிக் கவி ஒருவர் முன்வரிசைக்கு வந்தார் என்றால் அது சாமானியமான காரியமன்று. அவரிடம் குலப்பெருமை இல்லை. பரம்பரைப் படை இல்லை. ராஜபுத்திர மன்னர்களைப்போல் பாதுஷாவுக்குப் பெண் கொடுத்த உறவும் இல்லை. இருந்தது நாக்கு ஒன்றுதான். சமயம் அறிந்து பேசும் சாதுரியம், எதிராளி மனம் நோகாமல் உண்மையைச் சொல்லும் பக்குவம், கையில் வந்ததைக் கொடுத்துவிடும் தாராளம் ஆகியவை பாதுஷாவை அவர்பால் இழுத்தன.

அக்பருக்கு எழுதப் படிக்க வராது என்பது சரித்திரக்காரர்கள் ஒப்புக்கொள்ளும் செய்தி. நூல்களைப் பிறர் படிக்கக் கேட்டே அறிவை வளர்த்துக்கொண்டவர் அவர். காதால் கற்கும் அரசருக்கு நல்ல பேச்சாளியின் அருமை நன்றாகத் தெரியும். பீர்பாலுக்குக் கவிராய், அதாவது கவிகளின் அரசர் என்ற பட்டத்தை அக்பர் வழங்கினார்.

நகர்கோட்டைக் கொடுத்த விலை

கவிராயர் ராஜாவான கதையில் கொஞ்சம் கசப்பும் உண்டு. 1572 வாக்கில் நகர்கோட்டின் அரசர் ஜெயசந்திரன்மீது அக்பருக்குக் கோபம் உண்டாயிற்று. இன்று இமாசலப் பிரதேசத்தில் காங்ரா என்று வழங்கும் மலைநாடு அது. அரசரைச் சிறையில் வைத்து, அவருடைய நாட்டைக் கவிராயருக்கு ஜாகீராகக் கொடுத்தார் பாதுஷா. அத்துடன் ராஜா பீர்பால் என்ற பட்டமும் வந்தது. பாரசீக நூல்களில் இந்தப் பெயர் பீர்பர் என்று இருக்கிறது. வீரத்தில் சிறந்தவர் என்பது அதன் பொருள். அன்று முதல் மகேஷ்தாஸ் என்ற பெயர் மறைந்தது.

காகிதத்தில் கொடுத்த நாட்டைக் கையில் வாங்குவது சுலபமாக இல்லை. சிறையிலிருந்த அரசரின் மகன் விதிசந்திரன் பணிய மறுத்தான். பஞ்சாபின் அதிகாரி ஹுசேன் குலி கான் படையோடு போய்க் கோட்டையை முற்றுகையிட்டார். மகாமாயி கோயிலைச் சுற்றி இரத்த ஆறு ஓடியது. கோயிலைக் காத்து நின்ற பலர் உயிரிழந்தனர். பசுக்களும் வெட்டுப்பட்டன. ஓர் இந்துக் கவிக்கு நாடு பிடித்துக் கொடுக்கப் போன படை இந்துக்களின் கோயிலில் இப்படிச் செய்ததைப் பதாயூனி ஏளனத்தோடு எழுதிவைத்திருக்கிறார்.

இதற்கிடையில் பஞ்சாபில் வேறொரு கலகக்காரர் புகவே, முற்றுகையைப் பாதியில் முடிக்க வேண்டியதாயிற்று. சமாதானம் பேசிப் பொன்னைப் பெற்றுக்கொண்டு படை திரும்பியது. நகர்கோட்டை நாடு பீர்பால் கைக்கு வரவே இல்லை. ஈடாகப் பொன்னும், பிற்பாடு காலிஞ்சர்க் கோட்டையைச் சேர்ந்த ஜாகீரும் அவருக்குக் கிடைத்தன. அந்தக் காலிஞ்சர், 1569வரை அவருடைய பழைய எஜமானர் ராமச்சந்திரர் வசம் இருந்து, மொகலாயரிடம் ஒப்படைக்கப்பட்ட கோட்டை! அரசர்களின் தயவில் வாழ்பவனுக்குக் கிடைக்கும் பரிசில் இன்னொருவனின் இழப்பும் கலந்தே இருக்கும்.

குதிரையில் குஜராத், கல்லில் பிரயாகை

பீர்பால் உட்கார்ந்த இடத்தில் வேடிக்கை பேசிக்கொண்டிருந்தவர் என்று எண்ணுவது தவறு. அக்பரின் உத்தியோகஸ்தர்கள் எல்லோருக்கும் மன்சப் என்ற தர எண் உண்டு. இன்றைய சர்க்கார் ஆபீசில் சம்பள விகிதத்தை வைத்து ஒருவரின் அந்தஸ்தை அறிவதுபோல், அன்று அந்த எண்ணை வைத்து அறிவார்கள். கணக்கு எழுதுபவனுக்கும் கவி பாடுபவனுக்கும்கூடப் படைத் தரத்திலேயே பதவி. பீர்பாலின் தரம் 2,000.

1573ஆம் ஆண்டு ஆகஸ்டில் குஜராத்தில் கலகம் மூண்டபோது, அக்பர் பெரும் படைக்குக் காத்திராமல் சிறு கூட்டத்தோடு பதேபூர் சிக்ரியிலிருந்து புறப்பட்டார். மழைக்கால வெள்ளத்தையும் பொருட்படுத்தாமல், ஒட்டகத்திலும் குதிரையிலும் சுமார் 600 மைல் தூரத்தைப் பதினோரு நாட்களுக்குள் கடந்து, அகமதாபாத் அருகே எதிரிகள்மீது பாய்ந்தார். பாதுஷாவே திடீரென்று எதிரில் நிற்பதைக் கலகக்காரர்களால் நம்ப முடியவில்லை. அந்த ஓட்டத்தில் கூடச் சென்றவர்களின் பட்டியலில் பீர்பாலின் பெயரும் இருக்கிறது. அப்போது அவருக்கு வயது 45.

இரண்டு ஆண்டு கழித்து அவர் பிரயாகைக்கு யாத்திரை போனார். அலகாபாத் என்று பல தலைமுறைகள் அழைத்து, 2018 முதல் பிரயாக்ராஜ் என்று வழங்கும் அந்நகரின் கோட்டைக்குள் அசோகர் காலத்துக் கல்தூண் ஒன்று நிற்கிறது. அசோகரின் சாசனமும், சமுத்திரகுப்தரின் புகழ்ப் பாட்டும், ஜஹாங்கீரின் பரம்பரையும் பொறித்த தூண் அது. அதிலே நாகரி எழுத்தில் சிறிய பொறிப்பு ஒன்றும் உள்ளது. விக்கிரம ஆண்டு 1632இல், அதாவது கி.பி. 1575இல், கங்காதாஸின் மகன் மகாராஜா பீர்பர் தீர்த்தராஜமாகிய பிரயாகைக்கு வந்து யாத்திரைப் பலன் பெற்றார் என்பது அதன் சாரம். தகப்பன் பெயர் நமக்குக் கிடைப்பது இதிலிருந்துதான். மகாராஜா ஆனபிறகும், கல்லில் தம் பெயரை வெட்டியபோது கால்பிப் பக்கத்து ஏழைத் தகப்பனின் பெயரை முன்னால் வைத்திருக்கிறார்.

தூது போவதிலும் பாதுஷா அவரைப் பயன்படுத்தினார். வாளால் முடியாததை வார்த்தையால் முடிக்க வேண்டிய இடங்களுக்கு அவர் போனார். ராஜஸ்தானத்தில் துங்கர்பூர் அரசரின் மகளைப் பாதுஷாவுக்கு மணம் பேசி அழைத்துவந்த தூதில் அவர் இருந்தார். 1583இல் இன்னும் விசேஷமான வேலை வந்தது. ரேவா ராஜா ராமச்சந்திரர் அதுநாள்வரை நேரில் வந்து பாதுஷாவைப் பணியவில்லை. அவரை அழைத்துவர ஜைன் கான் கோகாவும் பீர்பாலும் அனுப்பப்பட்டனர். ஒரு காலத்தில் எந்தச் சபையில் கவி பாடினாரோ, அதே சபைக்குச் சக்கரவர்த்தியின் தூதராகப் போய், பழைய எஜமானரை மரியாதை குறையாமல் சிக்ரிக்கு அழைத்துவந்தார். இந்தப் பயணத்தில் கூட இருந்த ஜைன் கானின் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சிக்ரியில் நண்பரும் பகைவரும்

டில்லியில் இருக்கும் நம்மவர்கள், ஊரிலிருந்து உறவினர் வந்தால் தாஜ்மகாலைக் காட்டிவிட்டுப் பதேபூர் சிக்ரிக்கும் அழைத்துப்போவதுண்டு. அங்கே சிவப்புக் கல்லில் பூவேலை செய்த இரண்டடுக்கு மாளிகையைப் பீர்பால் வீடு என்று வழிகாட்டிகள் காட்டுவார்கள். அது அந்தப்புரப் பகுதியிலேயே அமைந்திருப்பதால் ராணிகளின் இருப்பிடமாகவே இருந்திருக்கும் என்பது பல ஆராய்ச்சியாளர்களின் முடிவு. ஆனால் பீர்பாலுக்கு அந்நகரில் மாளிகை இருந்ததும், அங்கே பாதுஷா விருந்துக்குப் போனதும் உண்மை.

இருவருடைய சிநேகத்தைக் காட்ட ஒரு சம்பவம் போதும். 1583இல் சிக்ரியில் யானைகளை மோதவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது, சாசர் என்ற மூர்க்கமான யானை பீர்பால்மீது பாய்ந்தது. சுற்றிலும் நின்றவர்கள் கூச்சலிட்டார்களே தவிர, யாரும் அசையவில்லை. அக்பர் தம் குதிரையைத் தட்டி யானைக்கும் பீர்பாலுக்கும் நடுவே பாய்ந்தார். யானை அவர் பக்கம் திரும்பிச் சற்று வந்து, பிறகு நின்றுவிட்டது. சாம்ராஜ்யத்தின் அதிபதி தம் உயிரைத் துரும்பாக மதித்துக் குறுக்கே விழுந்தது, தர்பாரே கண்ட காட்சி.

சிநேகம் வளர்ந்த அளவுக்குப் பகையும் வளர்ந்தது. 1575இல் அக்பர் கட்டிய இபாதத்கானாவில் பல சமயத்தாரும் கூடி வாதிட்டனர். பிறகு 1582இல் தீன் இலாஹி என்ற நெறியைப் பாதுஷா வகுத்தார். அதில் சேர்ந்த முக்கியஸ்தர்களாகக் காணப்படும் 18 பெயர்களில் ஒரே இந்து பீர்பால். ராஜா பகவான்தாஸும் மான்சிங்கும் சேரவில்லை. பாதுஷாவின் மனத்தைச் சூரிய வழிபாட்டின் பக்கம் திருப்பியவர் பீர்பாலே என்று பதாயூனி போன்றவர்கள் கொதித்தார்கள். அரசரின் காதுக்கு அருகே இருப்பவனை யாருக்குத்தான் பிடிக்கும்? அக்பர் கதைகளில் பீர்பாலைக் கவிழ்க்க ஓயாமல் சூழ்ச்சி செய்யும் பொறாமைக்காரர்கள் வருகிறார்களே, அவர்கள் முழுக்கக் கற்பனை என்று சொல்ல முடியாது.

சீட்டில் வந்த விதி

1585இல் அக்பர் சிக்ரியை விட்டு வடமேற்கு எல்லைக்குப் பெயர்ந்தார். சிந்து நதிக்கரையில் அட்டக் கோட்டையில் தங்கி, காஷ்மீருக்கும் மலைநாடுகளுக்கும் படைகளை அனுப்பினார். இன்று பாகிஸ்தானில் உள்ள பஜௌர், சுவாத் பள்ளத்தாக்குகளில் யூசுப்ஸாய் என்ற பட்டாணிய மக்கள் யாருக்கும் அடங்காமல் வாழ்ந்தார்கள். அவர்களை அடக்க ஜைன் கான் கோகா அனுப்பப்பட்டார். அவர் அக்பருக்குப் பாலூட்டிய செவிலித்தாயின் மகன், தேர்ந்த போர்வீரர். பல சண்டைகளில் வென்று சக்தரா என்ற இடத்தில் கோட்டை கட்டினார். படை களைத்துப்போகவே, கூடுதல் சேனை கேட்டு அட்டக்குக்கு ஆளனுப்பினார்.

அந்தச் சேனைக்குத் தலைமை தாங்க இருவர் முன்வந்தனர். ஒருவர் அபுல் பஸல், மற்றவர் பீர்பால். இருவரும் பாதுஷாவின் அந்தரங்க நண்பர்கள்; இருவரும் பேனாவால் பெயர் பெற்றவர்கள். யாரை அனுப்புவது என்று தீர்மானிக்கச் சீட்டுப் போட்டார் அக்பர். பீர்பாலின் பெயர் வந்தது. அபுல் பஸல் தங்கிவிட்டார். பிற்காலத்தில் இந்தச் சம்பவத்தை அக்பர்நாமாவில் எழுதிவைத்தவரும் அவரே. சில நாள் கழித்து, ஈரானின் கீலான் நாட்டிலிருந்து வந்த மருத்துவர் ஹக்கீம் அபுல் பத் என்பவரும் இன்னொரு படையுடன் அனுப்பப்பட்டார்.

ஆக, மலைக்குள் ஒரே சேனைக்கு மூன்று தலைவர்கள். ஒருவர் போர்வீரர், ஒருவர் கவி, ஒருவர் வைத்தியர். யாருக்கு யார் மேல் என்பதில் ஆரம்பத்திலிருந்தே மனத்தாங்கல். ஜைன் கானின் யோசனை இது: சக்தராக் கோட்டையில் ஒரு பகுதிப் படை நிற்கட்டும், இன்னொரு பகுதி புனேர் மலைகளில் எஞ்சிய பகைவரை ஒடுக்கட்டும். மலைநாட்டுப் போருக்கு அதுவே ஏற்ற முறை. பீர்பாலும் ஹக்கீமும் இதை ஏற்கவில்லை. நாட்டைச் சூறையாடிவிட்டுத் திரும்புவதே பாதுஷாவின் ஆணை, பிடித்து வைத்துக்கொள்வதன்று என்பது அவர்கள் கட்சி. எல்லோருமாகக் கராகர் கணவாய் வழியே பாதுஷாவிடம் போய்ச் சேருவோம் என்றார்கள். இருவரும் பாதுஷாவிடம் செல்வாக்குள்ளவர்கள். போய்க் கோள் சொன்னால் என்னாவது என்ற தயக்கமோ என்னவோ, ஜைன் கான் இணங்கினார்.

1586ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். படை கணவாய்களுக்குள் நுழைந்ததும் பின்னணிமீது பட்டாணியர் தாக்கத் தொடங்கினர். ஜைன் கான் பின்னால் நின்று போராடிப் படையைக் காத்துக்கொண்டு வந்தார். அன்று மாலை இரவுத் தாக்குதல் நடக்கப்போகிறது என்ற செய்தி பீர்பாலுக்கு எட்டியது. எதிரே இருப்பது ஒடுங்கிய கணவாய். அதைத் தாண்டிவிட்டால் பயமில்லை என்று யாரோ சொன்னார்கள். ஜைன் கானைக் கலந்துகொள்ளாமலே, பொழுது சாயும் நேரத்தில் பீர்பால் கிளம்பிவிட்டார். அவரைப் பார்த்து மற்றப் படையும் பின்தொடர்ந்தது.

மலந்தரைக் கணவாயில் அவர்கள் அகப்பட்டுக்கொண்டார்கள். இரு பக்க உச்சிகளிலிருந்தும் அம்பும் கல்லும் மழையாகப் பொழிந்தன. இருட்டிலே வழி தெரியவில்லை. யானையும் குதிரையும் மனிதரும் ஒன்றாகக் குழம்பி, மிதிபட்டும் பள்ளத்தில் விழுந்தும் செத்தார்கள். அங்கே சாதுரியத்துக்கு வேலையில்லை. பேச்சைக் கேட்க எதிரே யாருமில்லை. சுமார் 8,000 பேர் மாண்டதாக அக்காலச் சரித்திரக்காரர் நிஜாமுத்தீன் அஹமத் எழுதுகிறார். அபுல் பஸலோ அதைவிட மிகக் குறைவான கணக்கையே தருகிறார். அக்பரின் படைகள் கண்ட தோல்விகளில் இதைப்போல் பெரியது வேறில்லை என்பதில் மட்டும் ஐயமில்லை. ஜைன் கானும் ஹக்கீமும் தப்பி அட்டக் வந்து சேர்ந்தனர். பீர்பால் வரவில்லை. அவருக்கு வயது 58.

பாதுஷாவின் துக்கம்

செய்தி கேட்ட அக்பர் இரண்டு நாள் அன்னம் தண்ணீர் தொடவில்லை. திரும்பி வந்த தளபதிகள் இருவரையும் பல நாள் பார்க்க மறுத்தார். தாமே மலைக்குள் படையோடு போகப் புறப்பட்டார். அருகிலிருந்தவர்கள் வேண்டித் தடுத்தார்கள். பிறகு ராஜா தோடர்மாலும் மான்சிங்கும் அந்தப் பக்கம் அனுப்பப்பட்டனர். தோடர்மால் கோட்டைகளைக் கட்டி, கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறினார். ஜைன் கான் முதலில் சொன்ன முறைக்கு ஒத்த வழிதான் அது.

வேறு எந்தப் பிரபுவின் மரணத்துக்கும் அக்பர் இவ்வளவு கலங்கியதில்லை என்று எழுதுபவர் பீர்பாலின் விரோதியான பதாயூனி. பகைவரே எழுதியதால் அதை நம்பலாம். உடல் கிடைக்கவில்லையே, நண்பனுக்கு முறைப்படி எரியூட்டக்கூட முடியவில்லையே என்பது பாதுஷாவைப் பெரிதும் வாட்டியது. சூரியனின் கதிர் பட்டாலே அவ்வுடல் தூய்மை பெற்றுவிடும் என்று அருகிலிருந்தவர்கள் ஆறுதல் கூறினார்களாம். கான்கானான் அப்துல் ரஹீமுக்கு அக்பர் எழுதிய துக்கக் கடிதமும் அபுல் பஸலின் கடிதத் தொகுப்பில் இடம்பெற்றிருக்கிறது.

உடல் கிடைக்காததால் வதந்தி கிளம்பிற்று. பீர்பால் சாகவில்லை, தோற்ற வெட்கத்தால் சந்நியாசிகளோடு நகர்கோட்டில் திரிகிறார் என்று ஒரு பேச்சு. அக்பர் அதை நம்ப ஆசைப்பட்டு விசாரிக்க ஆளனுப்பினார், பொய்யாகப் போயிற்று. பிறகு காலிஞ்சரில் இருக்கிறார் என்று ஒரு பேச்சு. அவருடைய நாவிதன் உடலிலுள்ள அடையாளங்களைக் கண்டு சொன்னதாகக் கதை கட்டினார்கள். அரண்மனைக்கு அனுப்பும்படி ஆணை போனது. அங்கே இருந்த அதிகாரி அகப்பட்டுக்கொள்வோமே என்று அஞ்சி, பிடித்து வைத்திருந்த அப்பாவி வழிப்போக்கனைக் கொன்றுவிட்டு, பீர்பால் வரும் வழியில் இறந்ததாகத் தெரிவித்தான். பாதுஷா இரண்டாம் முறையும் துக்கம் காத்தார்.

பீர்பாலுக்குப் பின் அவர் குடும்பம் ஓங்கவில்லை. மூத்த மகன் லாலா 200 என்ற சிறிய தரத்திலேயே இருந்தார். ஊதாரியாகச் செலவழித்துச் சொத்தைக் கரைத்தார். பதவி உயர்வும் வரவில்லை. அக்பர் ஆட்சியின் பிற்பகுதியில் உத்தியோகத்தைத் துறந்து துறவியாகிவிட்டார். நாவால் சம்பாதித்ததை மகனுக்கு எழுதிவைக்க முடியாது அல்லவா?

மக்கள் கொடுத்த மறுபிறப்பு

அபுல் பஸலின் பெரிய நூல்களில் தேடினால் நாம் கேட்டு மகிழ்ந்த பீர்பால் கதைகள் கிடைக்கமாட்டா. அவை பிற்காலத்து மக்கள் வாய்வழியாகப் பெருக்கியவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சில் ஏறியவை. பீர்பாலுக்குப் போட்டியாக வரும் முல்லா தோ பியாஸா கற்பனைப் பாத்திரம் என்பதே ஆராய்ந்தோர் கருத்து. தெனாலி ராமன் பேரிலும், துருக்கியர் போற்றும் முல்லா நஸ்ருத்தீன் பேரிலும் வழங்கும் கதைகள் சில, பெயர் மட்டும் மாறிப் பீர்பால் பேரிலும் வழங்குகின்றன. 1967இல் அனந்த பை தொடங்கிய அமர் சித்ர கதா வரிசையில் பீர்பால் வந்ததும், நாடெங்கும் உள்ள பிள்ளைகளுக்கு ஒரே முகத்தோடு அவர் அறிமுகமானார்.

ஆயிரம் மந்திரிகள் இருக்க மக்கள் இவரை ஏன் பிடித்துக்கொண்டார்கள்? குலமும் படையும் பணமும் இல்லாதவன் புத்தியால் சக்கரவர்த்திக்குச் சமமாக நின்று பேசினான் என்ற செய்தி, எஜமானர்முன் வாய் திறக்க முடியாத கோடிப் பேருக்கு இனித்தது. கணவாயில் நேர்ந்த முடிவை அவர்கள் கதையில் சேர்க்கவில்லை.

ஆனால் ஒரு கதை மட்டும் யோசிக்க வைக்கிறது. பாதுஷாவிடம் கோபித்துக்கொண்டு பீர்பால் எங்கேயோ மறைந்துவிடுகிறார். தேடியும் கிடைக்கவில்லை. முழு வெயிலும் இல்லாமல் முழு நிழலும் இல்லாமல் என்முன் வருபவனுக்குப் பரிசு என்று அக்பர் பறைசாற்றுகிறார். ஒரு கிராமத்தான் கயிற்றுக் கட்டிலைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு வருகிறான். இது பீர்பால் சொல்லிக்கொடுத்த யுக்தி என்று பாதுஷா கண்டுகொண்டு, அந்தக் கிராமத்துக்கே ஓடிப்போய் நண்பரைத் திரும்ப அழைத்துவருகிறார்.

1586இல் நகர்கோட்டிலும் காலிஞ்சரிலும் அக்பர் தேடியது இப்படித்தான். அன்று அவருக்குக் கிடைக்காத நண்பரை மக்கள் தங்கள் கதையிலாவது கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார்கள். இன்றும் எங்கோ ஒரு வீட்டில் பிள்ளைகளுக்கு அந்தக் கதை சொல்லப்படுகிறது. கட்டிலைச் சுமந்த கிராமத்தான் தர்பாருக்குள் நுழைகிறான். பீர்பால் உயிரோடு இருக்கிறார் என்று பாதுஷாவுக்குத் தெரிந்துவிடுகிறது.